ஜாக்கெட் கையில் இரண்டு கோடுகள்

புதன்கிழமை, காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பதாக எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை மட்டும் நம்புகிறேன். மற்ற வரிகளுக்குத்தான் இந்தப் பதில். இதை அண்ணி பக்கத்தில் இல்லாதபோது படி. மாசமாக இருப்பவள், அவளுக்கு நீயே உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகிவிடும் என்று மத்தியான பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரிக்குள் உன் பட்டறையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நேற்று மட்டும் நான்கு தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இந்த வீட்டில் அம்மா காதில் விழாமல் எங்கே நின்று பேசுவது? கடையும் வீடும் ஒன்றாக இருப்பதன் வசதி இது.

உன் கடிதம் நேற்று காலை வந்தது. அம்மாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னாள். ஒரு தடவை போதவில்லை, இரண்டு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மழையில் கிளம்பினாலும் பத்திரமாக வந்து சேர்ந்ததாகவும், தங்கச்சி எண்ணெய் போட்டுக் கொடுத்த தோல் ஜாக்கெட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்றும், இப்போதும் அது எதிரே ஆணியில்தான் தொங்குகிறது என்றும் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, உன் கைவேலையை எப்படிப் புகழ்றான்" என்றாள். நான் தலையாட்டினேன். என் முதுகுக்குப் பின்னால், வேலை மேசைக்கு மேலே, படுக்கை விரிப்பால் மூடிய ஹேங்கரில் அந்த ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது அண்ணா. என் குரல் நடுங்கவேயில்லை. பொய் சொல்வதில் நானும் உனக்கு இளைத்தவள் இல்லை போலிருக்கிறது.

அது எப்படி இங்கே வந்தது என்று சொல்கிறேன். உனக்கு ஒன்றும் தெரியாதது போலவே எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

பத்து நாளைக்கு முன், நீ கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் வளைவில், முதல் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மேல் மோட்டார் சைக்கிள் ஒன்று மோதியது. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு, வலது மணிக்கட்டும் போய்விட்டது. பால் வண்டிக்காரர் பார்க்கும்வரை, ஒன்றரை மணி நேரம் மழையில் கிடந்திருக்கிறார். மோதியவன் நின்றிருக்கிறான். அவரை ஓரமாக இழுத்துப் படுக்கவைத்து, தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, அப்புறம் போய்விட்டிருக்கிறான். அந்த ஜாக்கெட் இல்லையென்றால் அந்தக் குளிரிலேயே ஆள் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். போர்த்தத் தெரிந்தவனுக்கு ஒரு போன் போட்டு ஆளைக் கூப்பிடத் தெரியவில்லையா என்றும் அவரே கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அடிபட்டவர் யார் என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் இரண்டு நாளாக என் தலைக்குள் சுற்றுகிறது. இருட்டு, மழை, அவர் தலையோடு சாக்கு வேறு போட்டிருந்தாராம். அதனால் தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்கிறேன். அது நம் ஊசி மாமா. எதிர்வரிசைத் தையல்காரர், நம் ஊசி மாமா. நான் ஜாக்கெட் தைத்தால் உள்ளே லைனிங் வைத்துத் தருகிறவர். உன் ஜாக்கெட்டுக்கும் அவர்தான் வைத்தார்.

முந்தாநாள், திங்கட்கிழமை, இன்ஸ்பெக்டர் அதைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்தார். ஈரத் தோலை ஒரு வாரம் பைக்குள் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், மடிப்பெல்லாம் பூஞ்சை. ஊரில் தோலுக்கு எண்ணெய் போடுவது நான் ஒருத்திதான், ஜாக்கெட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேனாமே என்று கேட்டார். அந்தப் பெருமையை அவரிடம் அடித்ததும் நான்தான். போன குளிர்காலத்தில் தன் ஜாக்கெட்டை எண்ணெய்க்குக் கொடுக்க வந்தபோது, "நீங்க இடது முழங்கையை மேசையில ஊணிட்டுதான் எழுதுவீங்க, சாவிக்கொத்து வலது பாக்கெட்ல" என்று சொல்லி அவரை அசத்திவிட்டேன். என் வாய்க்கொழுப்பு இப்போது என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

பையிலிருந்து அதை எடுத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாமல் போகும்? பதினோரு வருஷம். நான் முதல்முதலாகத் தைத்த ஜாக்கெட். புதிதில் பலகை மாதிரி இருந்தது, அதைப் போட்டுக்கொண்டு கையை மடக்க முடியாமல் நீ நடந்த நடையைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நடந்தால் கிறீச் கிறீச் என்று சத்தம் வேறு, நீ வருவது நாலு வீட்டுக்கு முன்பே தெரியும். முதல் வருஷம் முழங்கை மட்டும் இளகியது. பிறகு தோள். காலர் உன் தாடை உரசி உரசி வழுவழுப்பாகி, அங்கே மட்டும் தோல் துணி போலக் குழைந்துவிட்டது. வலது பாக்கெட்டில் எப்போதும் ஸ்பேனரைப் போட்டுக்கொள்ளாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டாயா? காலி பாக்கெட் இன்றைக்கும் ஸ்பேனர் இருப்பது போலவே புடைத்திருக்கிறது.

ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை, காய்ந்தால்தான் சொல்ல முடியும் என்று சொல்லிவைத்தேன். ஆனால் இன்ஸ்பெக்டர் என்னிடம் பார்த்தது வேறு. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "எந்த ஜாக்கெட்டைக் கையில வாங்கினாலும் முதல்ல காலரை மோந்து பாப்பீங்க. இதை மட்டும் அப்படியே மேசையில வெச்சிட்டீங்களே." எனக்கு ஜலதோஷம் என்றேன். ஸ்டேஷனில் இருந்தால் மக்கிப் போய்விடும், காயவைத்து வையுங்கள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊசி மாமாவிடமும் முன்னமே இதைக் காட்டினாராம். "உள்பக்கத் தையலை இடது கைக் கட்டைவிரலால தடவித் தடவிப் பாத்தாரு. அப்புறம் தெரியலன்னுட்டாரு. தெரியாத ஒண்ணை அவ்வளவு நேரம் தடவுவாங்களா?" என்று என்னையே கேட்டார்.

இப்போது உன் ஜாக்கெட்டின் இடது தோள் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூச வேண்டும் என்று தெரியாமல், முதல் நாளே டப்பாவை நேராகத் தோள்மேல் கவிழ்த்தேனே. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஊறிப்போய், பிறகு எத்தனை தடவை முழுசாக எண்ணெய் போட்டும் அது மட்டும் தனியாகவே தெரிந்தது. நான் இரண்டு நாள் அழுதேன். நீ அதைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து, "இது டிசைன், என் தங்கச்சிக்கு மட்டும்தான் வரும்" என்று எல்லோரிடமும் சொன்னாய். சாயம் போட்டு மறைத்துத் தருகிறேன் என்றபோதுகூட விடவில்லை. அதனால் அந்தக் கறையைத் தெரியாத ஆள் இந்த ஊரில் கிடையாது. இன்ஸ்பெக்டர் மட்டும் ஊருக்குப் புதியவர், அவருக்குத் தெரியாது.

ஈரத்தில் தோல் முழுக்க ஒரே கறுப்பாக இருப்பதால் திங்கட்கிழமை அது தெரியவில்லை. காயக் காயச் சுற்றியுள்ள தோல் வெளுக்கிறது, கறை அப்படியே நிற்கிறது. செவ்வாய்க்கிழமை அதன் மேல் விளிம்பு தெரிந்தது. இன்று காலை விரிப்பை விலக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முழுசாகத் தெரியும். அன்றைக்குக் கடைக்கு யார் வந்தாலும் போதும், "அட, உங்க அண்ணன் ஜாக்கெட்" என்று சொல்லிவிடுவார்கள்.

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. நேற்று மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த பிறகு, எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கினேன். ஜாக்கெட் முழுக்கக் கறையின் நிறம் வரும்வரை பூசிவிட்டால் கறை என்று ஒன்று தனியாக இருக்காது. அரை மணி நேர வேலை. எண்ணெய் போடுவது என் தொழில், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அண்ணிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அம்மாவுக்கு இருப்பது நீ ஒருவன், எனக்கும்தான். இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே வலது கை நுனியிலிருந்து ஆரம்பித்தேன். தோல் தாகத்தோடு இருந்தது, வைக்க வைக்க உறிஞ்சியது. முரடாக இருந்தது என் விரலுக்குக் கீழேயே மெத்தென்று ஆனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது வெளுத்த கோடுகள் தெரிந்தன. எண்ணெய் ஊறிய தோலில் நகம் பட்டால் அப்படித்தான் கோடு விழும், துணியால் தேய்த்தால் மறைந்துவிடும். பழக்கத்தில் தேய்த்தேன். ஒன்று போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதுக்குப் போகும்போதுதான் கை நின்றது. நான்கு கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், மணிக்கட்டைப் பார்த்து இழுபட்ட கோடுகள். நான்கு விரல். உன் கையை அவர் பிடித்திருக்கிறார் அண்ணா. நீ உருவிக்கொண்டு எழுந்திருக்கிறாய். அதற்குப் பிறகுதான் கழற்றிப் போர்த்தியிருக்கிறாய்.

துணியைக் கீழே போட்டுவிட்டேன். கிண்ணத்தையும் கவிழ்த்துவிட்டேன், தரையெல்லாம் எண்ணெய். இப்போது அந்தக் கையில் இரண்டு கோடுதான் இருக்கிறது. மற்ற இரண்டையும் அழித்தது நான். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பிவிட்டது. நீ பயத்தில் ஓடினாய். நான் வெந்நீர் வைத்து, நிதானமாக உட்கார்ந்து செய்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். கால் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறது. வலது கையில் விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிறது, அதை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கை ஊசி பிடிக்குமா என்பது ஆறு வாரம் கழித்துத்தான் தெரியுமாம். நான் போனதும், தன் தையல் மிஷின்மேல் தூசி விழாமல் மூடிவைத்தேனா என்று கேட்டார். மூடியிருக்கிறேன் என்றேன். மோதினவன் முகம் தெரிந்ததா மாமா என்று கேட்க வாயெடுத்தேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே அப்போதும் தூறிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கும்போது, உன்னைப் பற்றி ஒன்று கேட்டார். அதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது எழுதினால் மற்றதை எழுத முடியாது.

அண்ணா, நான் முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வரும்போது, வலது கையில் எண்ணெய் பூசியதையும், இரண்டு கோடுகளை அழித்ததையும் நானே சொல்லிவிடுவேன். என்ன தண்டனையோ அதை நான் வாங்கிக்கொள்கிறேன். அடுத்தபடியாக இது யாருடையது என்று கேட்பார். அப்போது நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வைக்காதே. நாளை ராத்திரி பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை விடியும்போது இங்கே இருப்பாய். வந்து முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, நானும் கூட வருகிறேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போகலாம், அங்கேயும் வருகிறேன். அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் நீ தனியாகச் சொல். அதற்கு எனக்குத் தைரியம் கிடையாது.

நீ கெட்டவன் இல்லை. அது எனக்கும் தெரியும், உன் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு பிழைத்தவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்.

அவர் கேட்டது இதுதான்: "அண்ணன் ஊர்ல குளிர் அதிகமாச்சே, இப்ப என்ன போட்டுக்கறான்?" நான் ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அவரே சொன்னார்: "எதையாவது போட்டுக்கிட்டு வரச் சொல்லும்மா."

எதையாவது போட்டுக்கொண்டு வா, அண்ணா.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் நிற்கும் இடத்தில் காத்திருக்கும்,
உன் தங்கை