துரையின் படங்கள்

பாப்பா,

பேரன் பார்க்க ஆசைப்படுகிறான் என்று உன் சின்ன வயதுப் படங்களைக் கேட்டிருந்தாய். பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கித் துழாவினேன். உன் ஐந்து வயது வரைக்கும் எடுத்தவற்றில் பல் தெரியச் சிரிக்கிறாய். அதற்குப் பிறகு எல்லாம் நம் நாய் துரைதான். செருப்பைக் கவ்விக்கொண்டு துரை, மழையில் நனைந்து பெருச்சாளி மாதிரி துரை. எந்த மந்திரிக்கும் இத்தனை படம் இருக்காது.

அவற்றில் நீ இல்லாமலில்லை. ஒன்றின் ஓரத்தில் உன் முழங்கை தெரிகிறது, இன்னொன்றில் ரிப்பன் நுனி.

வெந்நீர் உன் கன்னத்தில் கொட்டியது அந்த ஐந்தாம் வயதில்தான். பாத்திரத்தை இறக்கியவன் நான். "கை தவறிடுச்சு" என்று ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடம் சொன்னதில்லை.

கேமராவை எடுத்தாலே ஓடி வந்து நிற்பாய்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, துரையை மட்டும் எடுத்துக்கறேன்."

"அப்ப என்னை எப்பப்பா எடுப்பே?"

"அடுத்த ரோல்ல."

நீயும் நம்பினாய்.

எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். பையன் கேட்டால் உள்ளதைச் சொல். ஒன்றை மட்டும் நேற்றுத்தான் கவனித்தேன். எந்தப் படத்திலும் துரை என்னைப் பார்க்கவில்லை. நீ நின்ற பக்கம் தலையைத் திருப்பி, உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்பா