அழக்கூடாத குழந்தைக்கு ஒரு கையெழுத்து

அனுப்புநர்
மா சுன்தோக் (வயது 58),
க/பெ குக் யோங்சிக்,
நூடுல்ஸ் கடை, மீன்சந்தை இரண்டாம் சந்து,
ஹேவுன் நகரம், தென் கொரியா.

பெறுநர்
மேயர் அவர்கள்,
ஹேவுன் நகராட்சி.

பொருள்: எங்கள் பராமரிப்பில் உள்ள சிறுமி பியோன் சோதாமின் (வயது 7) மூளை அறுவை சிகிச்சை – ஒப்புதல் தர மறுக்கும் தாயின் பெற்றோர் உரிமையை நிறுத்தி வைக்க நீதிமன்றத்தில் மனுச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சோதாம் நான் பெற்ற பிள்ளை அல்ல. அவளுடைய தாய் பியோன் மிராங் எங்கள் கடையில் பரிமாறும் வேலை செய்துகொண்டு, கடை மாடியிலேயே குடியிருந்தார். உறவில்லை என்றாலும் என்னைச் சித்தி என்றே கூப்பிடுவார். தகப்பன் யாரென்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிள்ளைக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள் மதியக் கூட்டம் ஓய்ந்ததும், "சித்தி, இவளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. புசான் வரைக்கும் போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான், அவருடைய கைபேசி எண் மட்டுமே எங்களிடம் மிஞ்சியது. நாங்கள் தங்கள் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தோம். தங்கள் அலுவலகமே சோதாமை முறைப்படி எங்கள் பராமரிப்பில் விட்டது.

2. சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை, சுடச்சுட இருந்த நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் வலக்கையிலிருந்து குச்சிகள் நழுவி விழுந்தன. "ஊதினேன், கை காணாமப் போச்சு சித்தி" என்றாள். கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. பெரிய மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன என்றார்கள். கொரியா, ஜப்பான் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகமாக வருகிற நோயாம். மூச்சு வாங்கினால் மூளைக்குப் போகிற இரத்தம் குறைந்துவிடும். "சூடா எதையும் ஊதக்கூடாது, ஓடக்கூடாது. முக்கியமா, தேம்பித் தேம்பி அழ விடாதீங்க" என்று மருத்துவர் சொன்னார். அறுவை செய்து இரத்தத்துக்கு வேறு வழி அமைத்தால் பிள்ளை தேறிவிடுவாள் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து நூடுல்ஸ் கடைக்காரி வீட்டில் ஆறிப்போன நூடுல்ஸ்தான். பள்ளியில் மற்ற பிள்ளைகள் குழல் வாசிக்கும்போது இவள் கை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பையன் "உங்கம்மா உன்னை நூடுல்ஸுக்கு அடகு வெச்சுட்டுப் போயிட்டாளாமே" என்று கேலி செய்தானாம். அதற்கு இவள், "நீ என்ன சொன்னாலும் நான் அழ மாட்டேன், அழுதா எனக்குக் கை போயிடும்" என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை இதை என்னிடம் சொன்னபோது, இவளுக்கும் சேர்த்து நான்தான் அழுதேன்.

3. அறுவைக்குத் தாயின் ஒப்புதல் வேண்டும் என்கிறது மருத்துவமனை. நாங்கள் சோறு போடலாம், பள்ளியில் சேர்க்கலாம். கையெழுத்துப் போட முடியாது. இதில் மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க மாட்டோம் என்று அவர் உறுதி சொன்னார். ஆபத்து என்றால் எது என்று கேட்டேன். "பக்கவாதம் வந்து விழுந்துட்டா" என்றார். அதாவது ஐயா, பிள்ளை விழுந்த பிறகு கையெழுத்து வேண்டாம், விழாமல் காப்பாற்றத்தான் கையெழுத்து வேண்டும்.

4. தாயிடம் கைபேசியில் பேசினோம். அவருக்கு இப்போது வேறு ஊரில் திருமணமாகிவிட்டது. இப்படி ஒரு மகள் இருப்பது அந்தக் கணவருக்குத் தெரியாது. "வேணாம்னு நான் சொல்லலையே சித்தி. கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போன் வரும், கடுதாசி வரும். அவருக்குத் தெரிஞ்சா என் வாழ்க்கையே போச்சு. அதுவும் போக, தலையைத் திறக்கறாங்க, ஏதாவது ஆச்சுன்னா கையெழுத்துப் போட்டவதானே கொன்னவ?" என்று அழுதார். அவரால் அழ முடிகிறது. மறு நாளிலிருந்து அந்த எண் வேலை செய்யவில்லை.

5. தங்கள் குழந்தைகள் நலப் பிரிவு அலுவலர் திரு. தோ ஜேகியூனிடம் முறையிட்டோம். தாய் பிள்ளையைக் கைவிட்டதாகக் கொள்ள முடியாது என்று மறுத்துவிட்டார். காரணம் இதுதான். என் கணவர் பழைய மரபு பார்க்கிறவர். "பெத்தவளுக்குப் புத்தாண்டு வணக்கம் செய்யாத பிள்ளை உருப்படுமா?" என்பார். ஒவ்வொரு சந்திரப் புத்தாண்டு அன்றும் சோதாமுக்குப் பட்டுச் சட்டை போட்டு, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, திரையில் தெரியும் தாயின் முன் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கச் செய்வார். தாயும் எங்கோ மாடிப்படியில் நின்றபடி, "நல்லா இரு, நல்லாப் படி" என்று ஆசி சொல்லி உடனே துண்டித்துவிடுவார். வீட்டைப் பார்வையிட வந்த அலுவலரிடம் என் கணவர் இதைப் பெருமையாகச் சொல்லி, அப்படி வணங்கும்போது எடுத்த படத்தையும் காட்டினார்.

"வருஷா வருஷம் பொண்ணோட வணக்கத்தை வாங்கியிருக்காங்க, ஆசியும் சொல்லியிருக்காங்க. இதை உறவு இல்லைன்னு நான் எப்படிம்மா எழுதறது?" என்கிறார் அலுவலர். ஆண்டுக்கு ஒரு முறை ஆசி சொன்னவர் தாய் என்றால், மற்ற நாளெல்லாம் பிள்ளைக்குத் தலை சீவி விட்டவள் யார் என்று அவரிடம் கேட்டேன். "கோபப்படாதீங்கம்மா, ரூல்ஸ்" என்றார். என் கணவர் அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. நல்லது செய்வதாக நினைத்து அவர் கற்றுக் கொடுத்த மரியாதையே பிள்ளையின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

6. சென்ற வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் வாசலில் நின்று என்னையே பார்த்தாள். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. "சித்தி" என்ற சொல்லே அவளுக்குக் கிடைக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியது. அழக்கூடாது என்று நினைவு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேச்சு திரும்பி வந்தது. அடுத்த முறையும் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

7. பிள்ளையை எங்களுக்குத் தத்துக் கொடுங்கள் என்று நான் இந்த மனுவில் கேட்கவில்லை. அம்மா என்ற பெயர் அவருக்கே இருக்கட்டும், புத்தாண்டு வணக்கத்தையும் அவரே வாங்கிக்கொள்ளட்டும். அறுவை முடிந்து பிள்ளை எழுந்து உட்காரும்வரை, அந்த ஒரு கையெழுத்துக்கான உரிமையை மட்டும் அவரிடமிருந்து வாங்கித் தாருங்கள். நீதிமன்றத்தை நாடும் அதிகாரம் மேயராகிய தங்களுக்கு உண்டு என்று சட்ட உதவி மையத்தில் சொன்னார்கள். அந்த உரிமையை என்னிடம் தர மனமில்லை என்றால் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். யார் கையெழுத்துப் போட்டாலும் சரி, பிள்ளை விழுவதற்கு முன்னால் போடுங்கள்.

தங்கள் கருணையை நம்பிக் காத்திருக்கும்,

(ஒப்பம்) மா சுன்தோக்

இடம்: ஹேவுன்
நாள்: 12 ஜனவரி 2023

இணைப்பு: மருத்துவரின் சான்று, மறுப்புக் கடிதத்தின் நகல்.