சுறா எண்ணெய் பூசிய கூடாரம்

அன்பு மச்சாள்,

இன்று காலை உங்கள் தம்பி அந்தக் கூடாரத்தை எடுத்து முற்றத்தில் விரித்தார். உங்களுடைய முப்பத்தோராம் நாள். பூசை முடிந்து வருகிற சனத்துக்கு நிழல் வேண்டும். பந்தலுக்குத் தென்னங்கிடுகு போதவில்லை. வெயில் ஏறியதும் பச்சைத் துணியிலிருந்து மணம் கிளம்பிவிட்டது. எட்டு வருடமாகக் கழுவியும் போகாத சுறா எண்ணெய் மணம். பந்தற்கால் நட வந்த இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. செத்த பிறகும் மனுசரைச் சிரிக்க வைக்கிற ஆள் நீங்கள்.

அதை வாங்கப் போன நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. உங்கள் தம்பியைக் கட்டி வந்த பிறகு எனக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தன. மூன்றாம் முறை என்று நினைக்கவே எனக்குப் பயம். அந்த நேரத்தில்தான், மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், ஒன்பது நாளும் அங்கே காட்டில் தங்கி மாதாவிடம் பிள்ளைவரம் கேட்போம் என்று நீங்கள் தீர்மானித்தீர்கள். என்னைக் கேட்கவில்லை. கடலில் மீன் படுகிற காலம் என்பதால் உங்கள் தம்பிக்கு வர முடியவில்லை. ஊர்ச் சனத்தோடு உழவு இயந்திரத்தில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். அங்கே போய்த் தடி வெட்டிக் கொட்டில் கட்ட எங்களால் ஆகாது.

"கூடாரம் ஒண்டு வாங்குவம்" என்றீர்கள்.

பழைய சாமான் விற்கிறவரிடம் இந்திய ஆமிக்காரர் விட்டுப்போன கூடாரம் ஒன்று இருந்தது. உட்பக்கத்தில் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளை வராது அக்கா, ஆமிச் சாமான்" என்றார் அவர். நீங்கள் துணியின் ஒரு முனையை வெயிலுக்கு எதிரே பிடித்தீர்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தது. "இதென்ன தம்பி, கூடாரமோ இடியப்பத் தட்டோ?" என்று கேட்டீர்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஒரு சாக்குக் கருவாட்டுக்குத் தந்தார். அதற்குள்ளும் முளைக்கட்டை இரண்டு குறைகிறது என்று சண்டை பிடித்து, ஒரு சுத்தியலும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து நீங்கள் செய்த வேலையைக் கடற்கரைச் சனத்தைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். வள்ளத்துக்குப் பூசுகிற சுறா ஈரல் எண்ணெயை ஒரு வாளியில் எடுத்து, தென்னந்தும்பால் கூடாரம் முழுக்கத் தேய்த்தீர்கள். மணக்குமே என்றேன். "வள்ளத்துக்குப் பூசினால் தண்ணி வராது, இதுக்குப் பூசினால் வருமோ? நீ சும்மா இரு" என்றீர்கள். மணத்தைப் பற்றி உங்களுக்கு யோசனையே இல்லை. எங்கள் ஊரில் எது மணக்காது?

மடுவில் ஒரு பாலை மரத்தின் கீழே கூடாரத்தை அடித்தோம். முதல் நாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். மற்றவர்கள் குழைக் கொட்டிலில் இருக்க, நாங்கள் மட்டும் பெரிய அதிகாரிகள் மாதிரி இருந்தோம். இரண்டாம் நாள் மதிய வெயிலில் எண்ணெய் உருகத் தொடங்கியது. நவநாள் முடியும்வரை யாரும் மீன், இறைச்சி என்று மச்சம் தொடாத இடம் அது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த பூவரசங்குளத்து அம்மா நேரே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டா.

"மாதாவின்ரை காலடியிலை இருந்து மீன் பொரிக்கிறியளோ?"

நீங்கள் எழும்பிப் பானை மூடியைத் திறந்து காட்டினீர்கள். பருப்பு. மற்றச் சட்டியையும் திறந்தீர்கள். பூசணிக்காய். "வடிவாப் பாருங்கோ அம்மா. நாங்கள் கடற்கரைச் சனம், எங்கடை வேர்வையும் மீன்தான் மணக்கும். அதுக்கு மாதா கோவிக்கமாட்டா" என்றீர்கள். அவ நம்பவில்லை. பின்நேரம் கோயில் தொண்டர்கள் இரண்டு பேர்கூட வந்து பானையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை நான் கூடாரத்துக்கு வெளியே குந்தியிருந்து சத்தி எடுத்தேன். நீங்கள் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றீர்கள். பிறகு கை நின்றுவிட்டது.

"எடி பிள்ளை, நீ மீன் வாடிக்குள்ளை பிறந்து வளர்ந்தவள். சுறா எண்ணெய் மணம் உனக்கு ஏன் ஓங்காளிக்குது?"

"வெக்கை மச்சாள்."

"வெக்கையோ. நாள் தள்ளிப்போச்சோ?"

நான் விரலில் எண்ணிப் பார்த்தேன். நாள் தள்ளித்தான் போயிருந்தது. கேட்க வந்ததை மாதா நாங்கள் வரும் முன்பே தந்துவிட்டாவா, அல்லது இதுவும் போகப்போகிறதா என்று பயந்தேன். நீங்கள் என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என்னை மர நிழலில் இருத்திவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது உங்கள் சேலையில் முழங்கால் பக்கம் எல்லாம் மண். வாசலிலிருந்து பீடம்வரை முழந்தாளில் போயிருக்கிறீர்கள் என்று விளங்கியது. கோயில் மண்ணில் ஒரு சிட்டிகையை என் வயிற்றில் பூசிவிட்டு, "இந்தப் பிள்ளை நிக்கும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் முழுக்கச் சாம்பலும் தேசிக்காயும் போட்டு அந்தக் கூடாரத்தைத் தேய்த்தீர்கள். பூவரசங்குளத்து அம்மாதான் தண்ணீர் அள்ளித் தந்தா. காரணம் தெரிந்த பிறகு, தன் கொட்டிலில் எனக்குப் பாய் விரித்துத் தந்தவவும் அவதான்.

பிள்ளை நின்றாள். இன்று அவளுக்கு ஏழு வயது.

அவள் பிறந்தபோது எனக்குப் பால் சுரக்கவேண்டும் என்று நீங்கள் தினமும் சுறா வறை வறுத்துத் தந்தீர்கள். ஒரு நாள் உப்புக் கரிக்கும், மற்ற நாள் உப்பே இராது. "நாக்கிலை வைச்சுப் பாத்துச் சமைச்சால் என்ன மச்சாள்?" என்று நான் சினந்திருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். "எனக்கு இப்ப மீன் சரிவராது பிள்ளை, வயித்துக்குள்ளை எரியுது" என்பீர்கள். உங்கள் தம்பி கொண்டுவருகிற பாரையையும் விளைமீனையும் எங்களுக்குப் போட்டுவிட்டு, நீங்கள் வெறும் தேங்காய்ப்பால் சொதியோடு சாப்பிட்டு எழும்புவீர்கள். நான் விட்டேனா? "கடற்கரையிலை பிறந்த சைவக்காரி" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பிறகு சண்டையால் இடம்பெயர்ந்து மூன்று இடத்தில் அந்தக் கூடாரத்துக்குள் இருந்தோம். விமானத்துக்குப் பயந்து மேலே குழை போட்டு மூடினோம். சாப்பிட வேறொன்றும் இல்லாமல் கருவாடு மட்டும் இருந்த நாட்களில் நீங்கள் வெறும் கஞ்சி குடித்தீர்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. போன மாதம் மலேரியா உங்களைக் கொண்டுபோனது, அதற்குப் பிறகும் விளங்கவில்லை.

இன்றைய சாப்பாட்டுக்கு மச்சம் காய்ச்சுவோம் என்றுதான் உங்கள் தம்பி சொன்னார். வேண்டாம், மச்சாள் மீன் சாப்பிடாதவ, சைவமாகவே கொடுப்போம் என்றேன் நான். பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"மாமிக்கு மீன் விருப்பம் அம்மா. சுறா வறைதான் நல்ல விருப்பமாம்."

"ஆர் சொன்னது?"

"மாமிதான். உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டு சொன்னவா. நான் பிறக்கவேணும் எண்டு மடுவிலை நேர்த்தி வைச்சவாவாம். சாகும் வரைக்கும் மீன் சாப்பிடமாட்டன் எண்டு."

கத்தி கையிலேயே இருந்தது.  அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"மாமி செத்திட்டாதானே அம்மா. அப்ப இண்டைக்குச் சாப்பிடலாம்தானே?"

இதைக் கேட்டதும் உங்கள் தம்பி உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பால்சுறா ஒன்றே ஒன்றுதான் கிடைத்ததாம். அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வறுத்தேன். எத்தனை முறை உங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் மீனை வைத்து, எத்தனை முறை நீங்கள் தள்ளிவைத்தீர்கள் மச்சாள். ஒரு நாளாவது நான் கேலி செய்யாமல் இருந்திருக்கலாம். அது என்னோடுதான் இருக்கும், நான் கண்மூடும் வரை.

சனம் வருவதற்கு முன், கூடாரத்துக்குள்ளே, அந்த மணத்துக்கு நடுவில், உங்கள் கோப்பையை வைத்திருக்கிறோம். மகள்தான் பரிமாறினாள். உங்களுக்குத்தான் முதலில் என்று, நான் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. உப்புக் கூடியிருந்தால் சினக்காதேங்கோ.