உன் பெயரில் ஓடிய கார்

என் செல்ல அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உன்னிடம் மனசுக்குள்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன். ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் காரில்தான் அம்மாவை மூலக்குளத்திலிருந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு, வாரம் இரண்டு முறை டயாலிசிசுக்குக் கூட்டிப்போகிறேன். ஆர்.சி.யில் நீதான் இன்னும் சொந்தக்காரன். மாற்ற வேண்டும் என்று தெரியாமல் இல்லை. புகைச் சான்றிதழ்கூட எப்போதோ காலாவதியாகிவிட்டது. இன்சூரன்சை மட்டும் விடாமல் ஆன்லைனில் புதுப்பித்தேன். உரிமையாளர் விவரத்தில் மாற்றம் உண்டா என்று கேட்கும். உன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்று அழுத்துவேன். அதைச் சோம்பல் என்று நீ சொல்வாயா?

போன மழையில் ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தது. ஒடித்துத் திருப்பினேன். வண்டி சாலையின் நடுத்தடுப்பில் மோதி, முன்பக்கம் நசுங்கிவிட்டது. நாய் தப்பித்தது. அம்மாவுக்கு நெற்றியில் சின்ன வீக்கம்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அவன் வண்டிக்கு இன்னா ஆச்சு பாருடி" என்றாள்.

பட்டறைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். "ஓனர் இல்லன்னா க்ளெய்ம் கெடைக்காது மேடம். பாரத்துல உங்க அண்ணன் கையெழுத்த நீங்களே போட்டுடுங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

எனக்கும் அப்போது அது பெரிய தப்பாகப் படவில்லை அண்ணா. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பழைய காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை அச்சு அசலாக வந்துவிட்டது, கடைசியில் நீ இழுக்கிற கோடு உட்பட. பின்னால் அம்மா வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அவள் அந்தக் கையெழுத்தை விரலால் தடவினாள்.

"எப்பப் போட்டது இது?"

அந்தக் குரலில் எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா? நான்தான் போட்டேன் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவளே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "ஆட்டோ கூப்புடு. நேர்ல போயி சொல்லிட்டு வரலாம்."

இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். "ஓனர் வரலீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"வண்டி என் புள்ளையோடது. அவன் செத்துட்டான்மா."

யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிற நம் அம்மா! அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதிகாரி எழுந்து வந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார்.

"மூணு மாசத்துக்குள்ள சொல்லி, வாரிசு பேருக்கு மாத்தியிருக்கணும்மா. இறந்தவங்க பேர்ல புதுப்பிச்சா பாலிசி செல்லாது. நான் மேலிடத்துக்கு எழுதி அனுப்புறேன். ஆனா நம்பிக்கை குடுக்க முடியாது."

மறுப்புக் கடிதம்தான் வந்தது. புகைச் சான்றிதழுக்காக அல்ல, நீ இல்லாததை மறைத்ததற்காக. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பாரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களைப் போட்டுப் பட்டறைக்காரர் சரிசெய்து கொடுத்தார். பானெட் மட்டும் கொஞ்சம் வேறு வெள்ளை.

பிறகு வாரிசுச் சான்றிதழ், போக்குவரத்து அலுவலகம் என்று இரண்டு பேரும் அலைந்தோம். போன வாரம் புது ஆர்.சி. தபாலில் வந்தது. அம்மா பெயரில். பின்சீட்டில் உட்கார்கிறவள் இப்போதெல்லாம் முன்னால் வந்து உட்காருகிறாள். நேற்று ஒரு மேடுபள்ளத்தில் நான் வேகமாகப் போனதும் அதட்டினாள்: "மெதுவாடி. யாரு வண்டின்னு நெனச்ச?" இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீயும் கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

இன்னும் ரேஷன் கார்டில் நீ இருக்கிறாய். கேஸ் இணைப்பில் இருக்கிறாய். ஒவ்வொன்றாக மாற்றப்போகிறோம். எந்த ஆபீஸ் ஜன்னலில் யார் கேட்டாலும் இனி உள்ளதைச் சொல்வேன். அம்மாவைத் தனியாகச் சொல்லவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அம்மாவின் கையைப் பிடித்தபடி,
உன் தங்கச்சி மல்லிகா