துணைக்கு ஒரு சங்கம்

மார்ச் 4
கண் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவுக்குத் துணை. ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போகும்வரை என் கையை விடவே இல்லை. ஆளில்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரித் துணையாகப் போவது அக்கா ஒருத்தியாக ஆரம்பித்தது. இப்போது நாற்பது பேர் போகிறோம். இனியும் பதிவு செய்யாமல் நடத்த முடியாது என்கிறார் வக்கீல். அறக்கட்டளையா, சங்கமா?

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "அறக்கட்டளைதான். நீ, நான், வக்கீல். மூணு பேர் போதும்டி. எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சா பேசிக்கிட்டேதான் இருப்பாங்க."

மார்ச் 15
நாங்கள் துணைக்குப் போகிறவர்களில் ஒருவரான அச்சகக்காரர், டயாலிசிஸ் அறையில் அக்காவைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டாராம். "அந்த ஆளுக்கு இனிமே யாரும் போகக் கூடாது" என்று எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

கண்டக்டர் மட்டும் எழுந்தார். பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய இதய ஆபரேஷனுக்கு அக்காதான் துணை. "நான் போறேன்மா. அன்னைக்கு வலியில நானும்தான் உங்களைப் பார்த்துக் கத்தினேன். எழுந்தா போயிட்டீங்க?"

அக்கா முகம் சிவந்துவிட்டது.

மார்ச் 16
அக்காவின் மனசு பெரிசு. அது எனக்குத் தெரியாதா, என்னை வளர்த்ததே அவள்தானே. ஆனால் அவள் மனசில் இடம் கிடைக்காதவர் எங்கே போவார்? அவளுக்குக் கோபம் வந்தால் ஒரு மனுஷன் தனியாகப் படுத்துக் கிடக்கணுமா?

எல்லோரும் சேர்ந்து முடிவு செய்கிற சங்கம்தான் வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். "சரி, சங்கமே வச்சுக்கோ. தலைவர் நான்தானே" என்றாள். என்னத்தைச் சொல்ல!

ஏப்ரல் 6
பள்ளிக்கூட அறையில் முதல் கூட்டம். குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். துணை பெற்றவர்களும் உறுப்பினர்கள் என்பதால் அச்சகக்காரரும் வந்திருந்தார். தலைவர் பதவிக்கு அக்காவும் கண்டக்டரும். கை தூக்கச் சொன்னார்கள்.

கண்டக்டருக்குத் தூக்கினேன். அக்கா மற்றவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

அவர்தான் ஜெயித்தார்.

ஏப்ரல் 7
அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 11
நேரில் போனேன். கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். பின்னாலேயே போனேன்.

"நீயாவது எனக்குத் தூக்கியிருக்கலாம்ல?"

"உன்மேல பாசம் இல்லாமலா அக்கா? நாளைக்கு உனக்கும் எனக்கும் முடியாமப் போனாலும் இது நடக்கணும்ல?"

"போடி. பெரிய மனுஷி."

ஆனால் சாப்பிடாமல் விடவில்லை. கோபத்தில் அவள் கை இன்னும் தாராளமாகிவிடும். தட்டைக் காலி செய்வதற்குள் மூச்சு முட்டிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். "காரமா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 2
காலையில் அக்காவே கூப்பிட்டாள். ஒரே புகார்.

"உங்க தலைவர் இருக்காரே, அடுத்த வாரம் லீவு கேட்டா, 'மாத்து ஆளைச் சொல்லிட்டுப் போங்கம்மா'ங்கறார். என்கிட்டயே!"

குரலில் சிரிப்பு. அப்பாடா. ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள் என்று கேட்டேன்.

"டயாலிசிஸ்ல இருக்கேன்டி. அச்சகக்காரர் இப்பத்தான் திட்டி முடிச்சுக் கண் அசந்தார். எழுப்பி விட்டுடாதே."