ஹாம்பர்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஹாம்பர்க்,
12 ஜூன் 2025, வியாழன்

என்மேல் கோபமாயிருக்கும் சுப்ரஜாவுக்கு,

ஏஞ்சல் எழுதறேன். வாட்ஸ்ஆப்ல என்னை பிளாக் பண்ணிட்டே. இமெயிலை பிளாக் பண்ண உனக்குத் தெரியாதுங்கற தைரியத்துல எழுதறேன். நீயும் வீட்டுக்காரரும் சௌக்கியம்தானே?

நாங்க பத்திரமா வந்து சேர்ந்தோம். தாம்பரத்துல வேன் ஏறின எட்டு பொம்பளைங்களும் முழுசா இருக்காங்க, உன் நாத்தனார் பட்டுவும்தான். அவங்களை நான் ஆசை காட்டி இழுத்துட்டு வந்ததா காலனி பூரா சொல்றியாம். அவங்களே பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாங்க, நான் என்ன பண்ண?

"சமையல்காரர் இல்லாம வெளிநாட்டு டூரா? மூணாம் நாளே சாதம் எங்கேன்னு உன்னை ஓட ஓட விரட்டுவா பாரு"ன்னு நம்ம டூர் ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் கத்திட்டு எழுந்து போனியே, இன்னிக்கு நடந்ததைக் கேளு. இங்க ஒரு ரொட்டி. பட்டைப்பொடி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் வெச்சுச் சுருட்டி, மேல ஒரு அழுத்து அழுத்திச் சுடறாங்க. பட்டு ஒண்ணு சாப்பிட்டாங்க. அப்புறம் "இது நன்னாயிருக்கே"ன்னு பக்கத்துல உக்காந்திருந்த பிளஸ்ஸி தட்டுல இருந்ததையும் எடுத்துக்கிட்டாங்க. ராத்திரிக்கு உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி சுட்டு, ஆப்பிள் கூழோட கொடுத்தாங்க. முட்டை போடாதீங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சுட்டேன்.

சாயந்திரம் ஆத்துக்கு அடியில சுரங்கத்துல நடந்தோம். மேல கப்பல் போகுது, கீழ நாங்க போறோம். கோவளத்துல மீன் விக்கற ஞானம்மாள் அக்கா, "ஏன் ஏஞ்சலு, தண்ணி ஒழுவாதா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் என் கையை விடல.

நீ இல்லாம இது பாதி டூர்தான். ஆனா இதை நான் ஜெயிச்சே ஆகணும். ஊத்திக்கிச்சுன்னா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச ஆபீஸை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். கோபம் ஆறினா ஒரு வரி எழுது.

அன்புடன்,
ஏஞ்சல்


தாம்பரம்,
13 ஜூன் 2025, வெள்ளி

திருமதி ஏஞ்சல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். இமெயிலை எப்படி பிளாக் செய்வது என்று எனக்கு நன்றாகவே தெரியும். செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் சாப்பிட்டதை வைத்துத் துள்ள வேண்டாம். பட்டு முதல் நாள் எதையும் புகழ்வாள். வயிறு உப்பிக்கொண்டால் ஊரையே கூட்டிவிடுவாள். அவளை வெந்நீர் குடிக்கச் சொல்லவும்.

ரிட்டயர் ஆகும்வரை பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போட்டவள் நான். வேளாங்கண்ணி, நவக்கிரகம் என்று நம் வேன் போன இடமெல்லாம் என் பிளான்படிதான் போனது. இந்தத் தடவை பிளான் போட்டது யார்? நீயா? கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

சுரங்கத்தில் நடந்தது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். விளக்கெல்லாம் போட்டிருந்தார்களா?

இப்படிக்கு,
சுப்ரஜா அனந்தகிருஷ்ணன்


ஹாம்பர்க்,
14 ஜூன் 2025, சனி

சுப்ரஜா,

மோசம் போயிட்டேன்டி.

நாளைக்கு முழுக்க ஷாப்பிங்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா தாம்பரம் மார்க்கெட்ல கால் வைக்க முடியுதா? எல்லா ஊரும் அப்படித்தான்னு நெனச்சேன். நாளைக்கு சாயந்திரம் ஃபிளைட். இத்தனை நாளும் "எல்லாம் ஞாயித்துக்கிழமை வாங்கிக்கலாம்"னு சொல்லி ஒரு சாவிக்கொத்துகூட வாங்க விடல நான்.

இன்னிக்குப் பகல் பூரா பொம்மை ரயில் ஓடற இடத்துல இருந்தோம். மலை, ஊர், ஜனம் எல்லாம் விரல் அளவுக்கு இருக்கு. குட்டி விமானம்கூட இறங்குது! அப்புறம் பஸ் டிக்கெட்டை வெச்சே படகுல ஏறிச் சுத்தினோம். சந்தோஷமா ஹோட்டலுக்கு வந்தா, ரிசப்ஷன் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது, ஞாயித்துக்கிழமை இங்க கடை கிடையாதாம். சட்டமாம்! ரயில்வே ஸ்டேஷன்ல மட்டும் ஏதோ திறந்திருக்குமாம், ரொட்டியும் தண்ணி பாட்டிலும் கிடைக்குமாம். மத்ததெல்லாம் இப்பவே சாத்திக்கிட்டு இருக்காங்க.

எட்டு பேரும் காலிப் பெட்டியை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்கறாங்க. பேரனுக்கு, மருமகளுக்கு, எதிர்வீட்டுக்காரிக்குன்னு வாக்குக் கொடுத்துட்டு வந்தவங்க. பிளஸ்ஸி அழவே ஆரம்பிச்சுட்டா. ஜெர்மனி போயிட்டு வெறுங்கையோட வந்து இறங்கினா, நம்ம இரும்புலியூர் காலனியில என்ன பேசுவாங்க? இனிமே என்னை நம்பி ஒருத்தி வருவாளா?

ஆளுங்களைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியும். பிளான் போடற மூளை உனக்குத்தான். ரோஷம் பார்க்காம கேக்கறேன், ஏதாவது பண்ணுடி.

ஏஞ்சல்


தாம்பரம்,
15 ஜூன் 2025, ஞாயிறு விடிகாலை

அடி அசடே,

காபிக்குப் பால் வெச்சுட்டு உன் லெட்டரைப் படிச்சேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சாச்சு. அங்க ஞாயித்துக்கிழமை கடை கிடையாதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா... சரி, விடு. அப்புறம் திட்டறேன்.

ஆத்தோரமா ஒரு மீன் சந்தை இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நடக்கும். காலம்பற அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சு, ஒன்பதரைக்கு எல்லாத்தையும் கட்டிடுவா. மீன் மட்டும் இல்லை. பழம், செடி, துணி, தொப்பி, பொம்மை, காபி கப் எல்லாம் விக்கறாளாம். வாசல் தெளிக்க இருட்டோட எழுந்துக்கறவாதானே நம்ம ஜனங்க? எல்லாரையும் எழுப்பு. எந்த ரயில்ல ஏறி எங்க இறங்கணும்னு மேப்ல குறிச்சு அனுப்பியிருக்கேன்.

பட்டுவைப் பழக்கடைப் பக்கம் நிறுத்து. ஞானம்மாளை முன்னால விடு. போ, இதைப் படிச்சுண்டு நிக்காதே!

சுப்ரஜா


ஹாம்பர்க் ஏர்போர்ட்,
15 ஜூன் 2025, ஞாயிறு

என் தங்கமே,

ஜெயிச்சுட்டோம்டி!

சந்தைக்குள்ள இறங்கும்போதே ஒரே சத்தம். ஒவ்வொரு வண்டி மேலயும் ஒருத்தன் நின்னு தொண்டை கிழியக் கத்தறான். பையில ஒரு மீனைப் போடறான், யாரும் வாங்கலைன்னா இன்னொண்ணு போடறான். ஞானம்மாள் அக்கா கொஞ்ச நேரம் இடுப்புல கை வெச்சுப் பார்த்தாங்க. அப்புறம் விட்டாங்க பாரு: "இன்னாப்பா, நீ கூவறது உனக்கே கேக்கல! பையில இன்னும் எடம் கீது, போடு!" அவனுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனா போட்டான். "இன்னொண்ணு!" அதையும் போட்டான். கூட்டம் கை தட்டுது. கடைசியில கை கொடுத்து அக்காவை வண்டி மேலயே ஏத்திட்டான். அக்கா முந்தானையைச் சொருகிக்கிட்டு, "வா நைனா, வா! துள்ற மீனு, வுட்டா போயிடும்!"னு புகை போட்ட மீனைக் கூவிக் கூவி வித்தாங்க. வெள்ளைக்காரங்க முண்டியடிச்சு வாங்கினாங்க. எனக்கு சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு.

பழக்கூடைக்காரன் ஒருத்தன் பட்டுகிட்ட வசமா மாட்டினான். அன்னாசி, திராட்சைன்னு கூடை நிறைய வாங்கி, அங்கயே எல்லாருக்கும் பங்கு போட்டாங்க. பக்கத்துல பழைய மீன் ஏலக் கூடம் இருக்கு. அதுக்குள்ள காலங்கார்த்தால பாண்டு வாசிக்கறாங்க, ஜனங்க ஆடறாங்க. பட்டுவும் ஆடினாங்க. ஆமாம், ஆடினாங்க! யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க, நீயும் சொல்லாதே.

தொப்பி, கப், கப்பல் பொம்மைன்னு வாரிக்கிட்டு வந்தோம். பிளஸ்ஸி பெட்டியை மூட ரெண்டு பேர் மேல ஏறி உக்கார வேண்டியதாப் போச்சு. மீனையும் வெங்காயத்தையும் ரொட்டிக்குள்ள வெச்சுத் தராங்க, நான் மூணு சாப்பிட்டேன். சாதத்தை யாரும் கேக்கல. ஒரே ஒரு தடவை நான்தான் கேட்டேன், மனசுக்குள்ள.

இந்த ஞாயித்துக்கிழமை உன்னோடது, சுப்ரஜா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். "அடுத்தது எங்கே?"ன்னு இப்பவே பிச்சுப் பிடுங்கறாங்க. நீ திரும்பி வருவியா?

ஏஞ்சல்


தாம்பரம்,
16 ஜூன் 2025, திங்கள்

ஏஞ்சல்,

உன் லெட்டருக்கு முன்னாலயே பட்டு போன் பண்ணி, ஆடினதைத் தானே சொல்லிட்டா. சத்தியமாவது ஒண்ணாவது!

கோபம் இன்னும் போகலை. சமையல்காரர் விஷயத்துல இப்பவும் நான் சொன்னதுதான் சரி. அதைப் பத்தி நேர்ல நன்னா சண்டை போடலாம், தயாரா வா.

பட்டு பேசினப்புறம் திருநீர்மலைக்குப் போனேன். மலை ஏறி இறங்கறதுக்குள்ள "எங்க டூர் ஜெர்மனியில சக்கைப்போடு போடறது"ன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலை. எங்க டூர்னுதான் வாயில வந்தது. பெருமாள் சந்நிதியில நின்னுண்டும் அதையேதான் நெனச்சேன். ஆத்துக்கு வந்தா வாசல்ல ஒரு கூட்டமே, "நாங்களும் வரோம் மாமி"ன்னு நிக்கறது.

இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் பிளான் போட்டேன், ஒரு தடவைகூட விமானத்துல ஏறினதில்லை. பயம்தான், வேற என்ன. சமையல்காரர் இருந்தா எனக்கும் கொஞ்சம் தைரியமா இருக்கும்னு பார்த்தேன். இனிமே எதுக்கும் காத்துண்டு இருக்கப் போறதில்லை. அடுத்த டூருக்கு முதல் ஆளா என் பேரைச் சேர்த்துட்டேன்.

நீ பேசு, நான் பிளான் போடறேன். விமானம் மேல ஏறும்போது மட்டும் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ.

உன் பார்ட்னர்,
சுப்ரஜா