அம்மாவின் வயிற்று வலியும் நான் கொடுக்காத தந்தியும்

சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
1937 செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் ரெமிஜியஸுக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் இரக்கத்தில் நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் கல்கத்தாவில் சுகமாய் இருக்க வேண்டிக்கொள்கிறோம். வழக்கமாய் இந்த இடத்தில் யாவரும் சுகம் என்று எழுதிவிட்டு மழை, பூசை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று போவேன். மூன்று வாரமாய்க் கடிதம் போடாமல் இருந்தது சோம்பலால் இல்லை, அப்படி எழுதக் கை வரவில்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. மாதா கோவில் கொடியேற்றத்துக்கு மறுநாள், ஆகஸ்ட் முப்பதாம் தேதி திங்கட்கிழமை, உன் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள், பாலும் குழைந்த சாதமும் சாப்பிடுகிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவள் உடம்பைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். உன்னிடம் நான் சொல்ல வேண்டியது வேறு.

போன வருஷம் பிப்ரவரியில் நான் கொடுத்த தந்தியை நீ மறந்திருக்க மாட்டாய். அம்மா சீரியஸ், உடனே புறப்படு. அன்றைக்கு வலி வந்தது பொய்யில்லை, நெஞ்சுக்குக் கீழே எரிகிறது எரிகிறது என்று பாயில் உருண்டாள், நான் தந்தி ஆபீஸுக்கு ஓடி என் கையாலேயே அந்தத் தந்தியைத் தட்டினேன். திரும்பி வருவதற்குள் டாக்டர் வந்து, ஆசிட் அதிகம், வேறொன்றும் இல்லை என்று வெள்ளை மிக்ஸ்சர் கொடுத்திருந்தார், சாயங்காலம் உன் அம்மா எழுந்து ரசம் வைத்தாள். சுகமாகிவிட்டது, வர வேண்டாம் என்று இன்னொரு தந்தி கொடுக்க எனக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும், இருபத்தாறு வருஷமாய் அந்த வேலைதானே செய்கிறேன். கொடுக்கவில்லை. வந்தால் பிள்ளையைப் பார்க்கலாமே என்ற ஆசை, அவளுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். நீ டிபார்ட்மென்ட் பரீட்சையை விட்டுவிட்டு மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கினாய், அம்மா வாசலில் நின்று சிரித்தாள். உனக்குக் கீழே இருந்தவன் உனக்கு மேலே போய் உட்கார்ந்தான். திரும்பிப் போகும்போது கண்டோன்மென்ட் ஸ்டேஷனில், அப்பா, இனிமே வாயுவுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க, நிஜமா ஏதாவதுன்னா மட்டும் கூப்பிடுங்க என்று சொன்னாய். நீ சொன்னது நியாயம். எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது, அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை காலைப் பூசை முடிந்து வந்தவள், யாரோ கத்தியால குத்தின மாதிரி இருக்குங்க என்று சொல்லிக் கட்டிலில் படுத்தாள். அதற்குப்பின் சத்தமே இல்லை. உருளவில்லை, அழவில்லை, மூச்சைக்கூட மேலோடு விட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, அசையாமல் கிடந்தாள். போன வருஷம் அந்த ஆட்டம் ஆடினவள் இப்போது சும்மா கிடக்கிறாளே, அப்படியானால் வலி கம்மிதான் என்று நான் முடிவு கட்டினேன். அலமாரியில் இருந்த சோடா உப்பைக் கரைத்துக் குடிக்கவைத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். என்ன புத்தியோ. பக்கத்து வீட்டு பவுலின் மத்தியானம் எட்டிப் பார்த்து, முகம் வெளுத்து வேர்த்துக் கிடந்ததைக் கண்டு ஆபீஸுக்கு ஆள் அனுப்பினாள். ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டரை மணி ஆகிவிட்டது. அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் வயிற்றில் கை வைத்தார், உடனே எடுத்தார், என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பலகை மாதிரி இருந்தது. திடீர் வயித்து வலின்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு வெறும் ஆசிட்தாங்க, மருந்து குடுத்தா வீட்டுக்குப் போயிடுவாங்க, சில பேருக்கு அது உள்ளே புண்ணாகி ஓட்டையே போட்டிருக்கும், உருண்டு அழறவங்களைவிட இப்படி அசையாம கிடக்கறவங்களைப் பார்த்தாத்தான் எங்களுக்கு பயம் என்றார். வாயில் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். சோடா உப்பு என்றேன். கொடுத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அவள் என் கையைப் பிடித்து, ரெமிக்குத் தந்தி குடுத்தீங்களா என்று கேட்டாள். குடுத்துட்டேன் என்றேன். அப்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை, ஒரு மணி நேரத்தில் கொடுக்கப்போகிறோம்தானே என்றிருந்தது. ஆபரேஷன் முடிந்தது, மூன்று நாலு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள், நேரே ஆபீஸுக்குப் போய் ஃபாரத்தை எடுத்து எழுதினேன். எழுதிப் பார்த்தால் போன வருஷம் அனுப்பிய அதே வார்த்தைகள். அன்றைக்கு டூட்டியில் இருந்த ஓஸ்வால்ட் தந்திக் கருவியின் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டே இருந்தான். இதை நீ நம்புவாயா, நம்பி வந்தாலும் இன்னொரு தடவை வேலைக்கு ஆபத்தாகுமே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் போட்டேன். ஊரில் உள்ளவர்கள் அத்தனை பேருடைய சாவையும் பிறப்பையும் தட்டிய கைக்கு என் வீட்டு விஷயம் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். கொடுத்தாகிவிட்டது என்று சொன்ன பிறகு கொடுப்பதற்கும் வெட்கமாகிப்போனது.

அவள் நாளை எண்ணிக்கொண்டே கிடந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும், மெட்ராஸ் மெயில் வந்திருக்கும் என்று சொல்லி பவுலினைத் தலை வாரிவிடச் சொன்னாள். சனிக்கிழமை காய்ச்சல் ஏறி நினைவு தப்பித் தப்பி வந்தது, சுவாமியாரை அழைத்துச் சாகும் தறுவாயில் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தோம், அப்போதும் கதவைத்தான் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒன்பதாம் தேதி உன் கடிதம் வந்தது. நீ என்ன கண்டாய், சிநேகிதர்களோடு படகில் போனது, ஹில்சா மீன் சாப்பிட்டது என்று சந்தோஷமாய் எழுதியிருந்தாய். பவுலின் விஷயம் தெரியாமல் அதைக் கட்டிலண்டை உட்கார்ந்து சத்தமாய் வாசித்துவிட்டாள். நல்லா இருக்கான், அது போதும் என்று உன் அம்மா சொன்னாள். அன்றைக்கப்புறம் ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டுக்கு வந்த பிறகும் சரி, உன் பெயரை அவள் எடுக்கவில்லை. ராத்திரி ஜெபமாலையில் உனக்காகச் சொல்லும் அருள்நிறைந்த மந்திரத்தை மட்டும் உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாள்.

முதலில் உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு கடிதம். தந்தி கிடைத்தது, லீவு தரவில்லை என்று ஒரு வரி அம்மாவுக்கு எழுதிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதி, கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். அப்பனைக் காப்பாற்ற மகனைப் பொய் சொல்லச் சொல்வதா என்று நினைத்ததும் கிழித்துப் போட்டேன். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, ரெமி. உன்னை அவள் முன்னால் கல்நெஞ்சக்காரனாக்கியது நான். நாளைக் காலை அவள் பால் குடித்ததும் இதுவரை எழுதியதை அப்படியே அவளுக்கு வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன்.

புதன்கிழமை. வாசித்துவிட்டேன். ஒரு வரியும் விடவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே கேட்டாள். முடித்ததும் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்திருந்தேன்னா, பெத்த புள்ள மேல மனத்தாங்கலோடதானே போயிருப்பேன், அதுக்கு யாருங்க பதில் சொல்றது என்று கேட்டாள். பிறகு, இனிமே அவனுக்கு என்னைப் பத்திச் சொல்ல வேண்டியது எதுவானாலும் நானே எழுதிக்கிறேன் என்றாள்.

சர்வேசுரன் உன்னைக் கண்ணின் மணியாய்க் காக்கட்டும், தேவமாதா உன் போக்கிலும் வரவிலும் துணை நிற்கட்டும். உனக்கும் நெஞ்செரிச்சல் உண்டு என்பது எனக்குத் தெரியும், வேளைக்குச் சாப்பிடு, திடீரென்று வலி வந்தால் நீயாக மருந்து குடிக்காமல் யாரிடமாவது சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. அடுத்த கடிதத்தை என் பெயர் போடாமல், ஸ்ரீமதி பியாட்ரிஸ் என்று அம்மா பெயருக்கே விலாசம் எழுது, மறக்காதே.

இப்படிக்கு
உன் மன்னிப்பைக் கேட்கும் அப்பா
தியோடர்